மாட் ஆர்கனைசர் 2-இல் எந்த ஃபோல்டரை எங்கே வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட் என்பது ஒரு கேமில் மாற்றங்களைச் சேர்க்க ரசிகர்கள் உருவாக்கும் ஃபைல் தொகுப்பு. "மாட் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களைத் துருவிப் பார்த்தால், பெரும்பாலும் மாடில் குறை இருக்காது. ஏதோ ஒரு ஃபோல்டர் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும். அதனால் இந்தப் பக்கம் முழுக்க ஃபோல்டர்களைப் பற்றித்தான். மாட்களை நிர்வகிக்க விண்டோஸில் ஓடும் மென்பொருளான மாட் ஆர்கனைசர் 2 (இனி எம்ஓ2), ஸ்டீமில் வாங்கிய ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கேம், இந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். வோர்டெக்ஸ் என்ற இன்னொரு மாட் மேனேஜரைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு.

ஃபோல்டர் பெயர்களையும் மெனுப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் கணினியில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். நீங்கள் புதிதாக உருவாக்கும் ஃபோல்டர்களுக்கும் ஆங்கில எழுத்திலேயே பெயர் வையுங்கள். காரணம் கீழே வருகிறது.

மொத்தம் எத்தனை ஃபோல்டர்? எதற்கு எது?

ஐந்து இடங்களை மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் போதும். ஒன்று, கேம் ஃபோல்டர். கேமின் ஈஎக்ஸ்ஈ ஃபைலும் அதன் பக்கத்தில் டேட்டா என்ற ஃபோல்டரும் இருக்கும் இடம் அது. இரண்டாவது, எம்ஓ2 மென்பொருள் இருக்கும் இடம். மூன்றாவது, இன்ஸ்டால் செய்த மாட்கள் பிரித்து வைக்கப்படும் மாட்ஸ் ஃபோல்டர். நான்காவது, மாட்கள் கிடைக்கும் நெக்ஸஸ் தளத்திலிருந்து இறங்கும் ஜிப், 7இசட் ஃபைல்கள் சேரும் டவுன்லோட்ஸ். ஐந்தாவதைப் பலரும் மறந்துவிடுவார்கள்: டாக்குமென்ட்ஸுக்குள் மை கேம்ஸ், அதற்குள் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன். சேவ்களும், கேமின் செட்டிங்ஸ் உள்ள ஐஎன்ஐ ஃபைல்களும் அங்கேதான் இருக்கும்.

கேம் ஃபோல்டருக்குள் மற்ற நான்கில் எதுவும் போகக் கூடாது. குழப்பங்களில் பெரும்பகுதி, ஒன்றை இன்னொன்றுக்குள் வைப்பதால் வருபவை.

எம்ஓ2-வை எங்கே இன்ஸ்டால் செய்வது?

டிரைவின் வேருக்குப் பக்கத்தில், சின்னப் பெயரில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். டி டிரைவில் நேராக எம்ஓ2 என்று ஒன்று இருந்தால் அதுவே நல்ல இடம். ஒரே டிரைவ்தான் இருக்கிறது என்றால் சி டிரைவிலும் அப்படியே வைக்கலாம், தவறில்லை.

ப்ரோகிராம் ஃபைல்ஸ் வேண்டாம். அங்கே எழுதுவதற்கு விண்டோஸ் அட்மின் அனுமதி கேட்கும். எம்ஓ2-வோ ஒவ்வொரு முறையும் மாட் பட்டியல், புரொஃபைல் (எந்த மாட்கள், எந்த வரிசையில் என்ற தொகுப்பு), கேஷ் என்று எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்தால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். அட்மினாக ஓடும் விண்டோவுக்குள் எக்ஸ்ப்ளோரரிலிருந்து ஃபைலை இழுத்துப் போட முடியாது. அது உருவாக்கும் ஃபைல்களுக்கும் பிறகு அனுமதிச் சிக்கல் வரலாம்.

பழைய 32 பிட் டூல்கள் இன்னும் மோசம். ப்ரோகிராம் ஃபைல்ஸில் எழுதிவிட்டோம் என்று அவை நினைத்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் சத்தமில்லாமல் அந்த ஃபைலை ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பி விட்டிருக்கும். டூல் "முடிந்தது" என்று சொல்லியும் ஃபைலைக் காணோம் என்றால் அங்கே ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டும் ஒன்டிரைவின் பிடியில் இருக்க வாய்ப்பு அதிகம். அவையும் வேண்டாம்.

ஸ்டீம் தானாகவே கேமை ப்ரோகிராம் ஃபைல்ஸில் போட்டுவிட்டதே?

அதன் இயல்பே அதுதான். மாற்றுவது எளிது, திரும்ப டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை. ஸ்டீமின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்துக்குப் போய் வேறு டிரைவைச் சேருங்கள். அப்புறம் லைப்ரரியில் கேமின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர். நகர்த்தி முடிந்ததும் ஸ்டீமிலிருந்து கேமின் லாஞ்சரை ஒரு முறை திறந்து மூடுங்கள். மாட் ஃபைல்களைத் திருத்த உதவும் எக்ஸ்எடிட் போன்ற டூல்கள் கேம் எங்கே இருக்கிறது என்பதை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கின்றன. லாஞ்சர் திறந்தால்தான் அங்கே புதிய இடம் பதிவாகும். இந்தப் படியை விட்டுவிட்டால் டூல்கள் பழைய இடத்தையே தேடிக்கொண்டிருக்கும்.

முதல் முறை திறக்கும்போது போர்ட்டபிளா, குளோபலா என்று கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே கேமுக்கு மட்டும் மாட் போடப் போகிறீர்கள் என்றால் போர்ட்டபிள். மாட்ஸ், டவுன்லோட்ஸ், புரொஃபைல்ஸ், ஓவர்ரைட் எல்லாம் எம்ஓ2 இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே உருவாகும். எது எங்கே என்று தேட வேண்டியதே இல்லை.

குளோபல் என்றால் ஒரே எம்ஓ2-வை வைத்துக்கொண்டு ஸ்கைரிம், ஃபால்அவுட் 4 என்று பல கேம்களுக்குத் தனித்தனி இன்ஸ்டன்ஸ் (தனி அமைப்பு) வைக்கலாம். வசதிதான். ஆனால் நீங்கள் மாற்றாவிட்டால் மாட்கள் எல்லாம் சி டிரைவில் யூசர் ஃபோல்டர், ஆப்டேட்டா, லோக்கல், மாட்ஆர்கனைசர் என்ற மறைவான இடத்தில் போய்ச் சேரும். உயர்தர டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) மாட்களாக நாலைந்து போட்டாலே சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். என்ன நிரப்பியது என்றும் உடனே தெரியாது. குளோபல் எடுத்தால், இன்ஸ்டன்ஸ் உருவாக்கும் அந்தத் திரையிலேயே இடத்தை மாற்றிவிடுங்கள்.

செட்டிங்ஸில் பாத்ஸ் பக்கத்தில் இருக்கும் பெட்டிகள் என்னென்ன?

பேஸ் டைரக்டரி என்பது வேர். அதன் கீழே டவுன்லோட்ஸ், மாட்ஸ், கேஷஸ், புரொஃபைல்ஸ், ஓவர்ரைட் என்று ஐந்து பெட்டிகள். இவற்றில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே பேஸ் டிர் என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். "மேலே சொன்ன வேர் எதுவோ, அதற்குள்" என்று அர்த்தம். ஐந்து பெட்டியிலும் அதை அப்படியே விட்டுவிட்டால், பேஸ் டைரக்டரி ஒன்றை மாற்றினாலே மற்ற ஐந்தும் கூடவே மாறிவிடும். முழு பாத்தைக் கையால் எழுதினால் அந்த வசதி போய்விடும். காரணம் இருந்தால் மட்டும் தனியாக எழுதுங்கள்.

மேனேஜ்டு கேம் என்ற பெட்டி கேமின் ஈஎக்ஸ்ஈ ஃபைலைக் காட்ட வேண்டும். கேமை வேறு டிரைவுக்கு நகர்த்திய பிறகு இதைத் திருத்த மறந்துவிட வேண்டாம்.

கேஷஸ், புரொஃபைல்ஸ் இரண்டையும் சும்மா விடலாம். அவை இடம் அடைப்பதில்லை.

பாத்தை மாற்றினேன். மாட் எல்லாம் காணாமல் போய்விட்டது!

எங்கும் போகவில்லை. எம்ஓ2-இல் பாத்தை மாற்றினால் அது புதிய இடத்தைப் பார்க்கத் தொடங்கும், அவ்வளவுதான், ஃபைல்களை நகர்த்தாது. பழைய இடத்திலேயே எல்லாம் பத்திரமாக இருக்கும்.

முறை இதுதான்: எம்ஓ2-வை மூடுங்கள். ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் நகர்த்துங்கள். திறந்து பாத்தை மாற்றுங்கள். பதறிப் போய் இடையில் பட்டியலில் எதையும் டிக் செய்யவோ வரிசை மாற்றவோ வேண்டாம். மாட்கள் இல்லாத நிலையில் பட்டியலைத் திருத்திச் சேமித்தால், அவை திரும்பி வரும்போது நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த வரிசை இருக்காது. நகர்த்தும் முன் புரொஃபைல்ஸ் ஃபோல்டரை ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது. அதற்குள் இருக்கும் மாட்லிஸ்ட், பிளக்இன்ஸ், லோட்ஆர்டர் என்ற மூன்று டெக்ஸ்ட் ஃபைல்கள்தான் உங்கள் உழைப்பு முழுவதும்.

போர்ட்டபிள் என்றால் மொத்த ஃபோல்டரையும் தூக்கி வேறு டிரைவில் வைத்துவிடலாம். ஆனால் எக்ஸிகியூட்டபிள்ஸ் பட்டியலில் நீங்கள் சேர்த்த டூல்களின் பாத் பழையதாகவே இருக்கும். அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும்.

மாட்ஸும் டவுன்லோட்ஸும் வேறு வேறு டிரைவில் இருக்கலாமா?

தாராளமாக. கேம் ஓடும்போது டெக்ஸ்சர், மெஷ் (பொருள்களின் 3டி வடிவம்) எல்லாம் மாட்ஸ் ஃபோல்டரிலிருந்து நேரடியாகப் படிக்கப்படுகின்றன; அதனால் அது எஸ்எஸ்டியில் இருக்கட்டும். டவுன்லோட்ஸ் இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் தேவைப்படும். அதைப் பழைய ஹார்ட் டிஸ்கில் போட்டுவிடலாம்.

டவுன்லோட்ஸை நகர்த்தும்போது ஒரு கவனம். ஒவ்வொரு ஜிப் ஃபைலுக்கும் பக்கத்தில் அதே பெயரில், மெட்டா என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்று இருக்கும். அந்த மாட் நெக்ஸஸில் எந்த எண்ணில் இருக்கிறது, எந்தப் பதிப்பு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. "என்னவோ குப்பை" என்று அவற்றை அழித்துவிட்டால், பிறகு அந்த ஜிப்பிலிருந்து இன்ஸ்டால் செய்யும் மாடுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று எம்ஓ2-வால் சொல்ல முடியாது.

நான் வோர்டெக்ஸ் பயன்படுத்துகிறேன். இதே விதிகள்தானா?

இல்லை. இங்கே ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கிறது. வோர்டெக்ஸ், மாட் ஃபைல்களை ஸ்டேஜிங் ஃபோல்டர் என்ற இடத்தில் வைத்துவிட்டு, கேமின் டேட்டா ஃபோல்டரில் அவற்றுக்கு ஹார்டுலிங்க் போடுகிறது. ஒரே ஃபைலுக்கு இரண்டு இடங்களில் பெயர் இருக்கும், டிஸ்கில் இடம் ஒரு முறைதான் செலவாகும். ஹார்டுலிங்க் ஒரே பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் சாத்தியம். கேம் டி டிரைவில், ஸ்டேஜிங் சி டிரைவில் என்றால் டிப்ளாய் (இந்த லிங்க் போடும் வேலை) நடக்காது. "எந்த டிப்ளாய்மென்ட் முறையும் கிடைக்கவில்லை" என்ற வகையில் செய்தி வரும். நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்டேஜிங் ஃபோல்டர் இயல்பாகவே சி டிரைவின் ஆப்டேட்டாவில் போய் உட்காரும், கேமை டி-யில் போட்டிருப்போம்.

தீர்வு: செட்டிங்ஸ், மாட்ஸ் பக்கம், மாட் ஸ்டேஜிங் ஃபோல்டர். கேம் இருக்கும் அதே டிரைவில், ஆனால் கேம் ஃபோல்டருக்கு வெளியே, ஓர் இடத்தைக் கொடுத்து அப்ளை அழுத்துங்கள். எம்ஓ2 போலல்லாமல் வோர்டெக்ஸ் ஃபைல்களைத் தானே நகர்த்தும். நீங்கள் எக்ஸ்ப்ளோரரில் நகர்த்தவோ பெயர் மாற்றவோ கூடாது. டிரைவ் என்டிஎஃப்எஸ் ஆக இருப்பதும் அவசியம். எக்ஸ்ஃபேட் ஃபார்மேட் செய்த எக்ஸ்டெர்னல் டிரைவில் ஹார்டுலிங்க் கிடையாது.

இரண்டு மேனேஜரையும் ஒரே கேமுக்குச் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். வோர்டெக்ஸிலிருந்து எம்ஓ2-வுக்கு மாறுகிறீர்கள் என்றால் முதலில் வோர்டெக்ஸில் பர்ஜ் கொடுத்து டேட்டா ஃபோல்டரைச் சுத்தமாக்குங்கள்.

எம்ஓ2-இல் மாட் போட்டேன். டேட்டா ஃபோல்டரைத் திறந்தால் ஒன்றுமே இல்லையே?

இருக்கக் கூடாது. எம்ஓ2-வின் சிறப்பே அதுதான். மாட்களை அது டேட்டா ஃபோல்டரில் கொட்டுவதில்லை. கேமை எம்ஓ2 வழியாகத் திறக்கும்போது, மாட்ஸ் ஃபோல்டரில் இருப்பதெல்லாம் டேட்டாவுக்குள் இருப்பது போல அந்த கேமுக்கு மட்டும் ஒரு தோற்றத்தைக் காட்டுகிறது. கேமை மூடினால் தோற்றமும் போய்விடும். எக்ஸ்ப்ளோரர் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பதால் அதற்கு எதுவும் தெரியாது.

இதனால்தான் ஸ்டீமிலிருந்து நேராக பிளே அழுத்தினால் மாட் இல்லாத வெறும் ஸ்கைரிம் வருகிறது. எக்ஸ்எடிட், லூட் (பிளக்இன்களை வரிசைப்படுத்துவது), நெமிசிஸ் (அனிமேஷன் ஃபைல்களை உருவாக்குவது) போன்ற டூல்களையும் எம்ஓ2-வின் எக்ஸிகியூட்டபிள்ஸ் பட்டியலில் சேர்த்து அங்கிருந்தே ஓட்ட வேண்டும். வெளியே இருந்து திறந்தால் அவற்றின் கண்ணுக்கும் மாட் தெரியாது.

இன்ஸ்டால் செய்யும்போது, உள்ளே இருப்பது சரியாக இல்லை என்ற வகையில் சிவப்பில் செய்தி வருகிறது.

ஜிப்புக்குள் தேவையில்லாமல் ஒரு ஃபோல்டர் கூடுதலாக இருக்கிறது. மெஷஸ், டெக்ஸ்சர்ஸ், ஸ்கிரிப்ட்ஸ், இஎஸ்பி (பிளக்இன்) ஃபைல் இவையெல்லாம் முதல் அடுக்கிலேயே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், அவை எந்த ஃபோல்டருக்குள் இருக்கின்றனவோ அதன் மேல் ரைட் கிளிக் செய்து, அதையே டேட்டா டைரக்டரியாக வைக்கும் செட் ஆஸ் டேட்டா டைரக்டரியைக் கொடுங்கள். சிவப்பு பச்சையாகும். சரி என்று கவனிக்காமல் ஓகே அழுத்தினால் மாட் இன்ஸ்டால் ஆகும், டிக்கும் விழும், கேமில் மட்டும் எதுவும் நடக்காது.

எஸ்கேஎஸ்ஈ-யையும் மாட் போலவே இன்ஸ்டால் செய்யலாமா?

பாதிதான். எஸ்கேஎஸ்ஈ (ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்) என்பது கேமோடு சேர்ந்து ஓடி, பல மாட்களுக்குத் தேவையான கூடுதல் வசதிகளைத் தரும் துணை மென்பொருள். அதன் லோடர் ஈஎக்ஸ்ஈ-யையும் டிஎல்எல்லையும் கேமின் ஈஎக்ஸ்ஈ இருக்கும் இடத்திலேயே, அதாவது டேட்டாவுக்கு வெளியே, நீங்கள் கையால் வைக்க வேண்டும். எம்ஓ2-வின் தோற்ற வித்தை டேட்டா ஃபோல்டருக்கு மட்டும்தான் பொருந்தும். எஸ்கேஎஸ்ஈ-யுடன் வரும் டேட்டா ஃபோல்டரில் உள்ள ஸ்கிரிப்ட்களை மட்டும் மாடாக இன்ஸ்டால் செய்யலாம்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, டாக்குமென்ட்ஸ், மை கேம்ஸ், ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன், எஸ்கேஎஸ்ஈ என்று போய் லாக் ஃபைலின் தேதியைப் பாருங்கள். இப்போது கேமைத் திறந்த நேரம் அதில் இருந்தால் சரி.

ஓவர்ரைட் என்று பட்டியலின் கடைசியில் ஒன்று சிவப்பாக இருக்கிறதே?

கேமோ டூலோ புதிதாக உருவாக்கும் ஃபைல்கள் எந்த மாடுக்குச் சொந்தம் என்று எம்ஓ2-வுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவை எல்லாம், முகவரி எழுதாத பார்சல்கள் ஒரு மூலையில் சேர்வது போல ஓவர்ரைட்டில் சேரும். அதை அப்படியே விட்டால் கேம் ஓடும். ஆனால் ஓவர்ரைட்டுக்கு எல்லா மாடையும் விட முன்னுரிமை உண்டு. பழைய நெமிசிஸ் ஃபைல் ஒன்று அங்கே கிடந்தால் புதிய மாடை அது மறைத்துவிடும். ரைட் கிளிக் செய்து கிரியேட் மாட் கொடுத்துத் தனி மாடாக மாற்றிவிடுங்கள். அடிக்கடி ஓட்டும் டூல் என்றால், எக்ஸிகியூட்டபிள்ஸ் பக்கத்தில் அதன் ஃபைல்கள் நேராக ஒரு குறிப்பிட்ட மாடுக்குள் போகும்படி செய்யும் டிக் ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

சேவ் எல்லாம் திடீரென்று காணோம்.

மூன்று இடங்களில் தேடலாம்.

புரொஃபைல் உருவாக்கும்போது "புரொஃபைலுக்கென்று தனி சேவ்" என்ற தேர்வை டிக் செய்திருந்தால், சேவ்கள் டாக்குமென்ட்ஸில் இருக்காது. எம்ஓ2-வின் புரொஃபைல்ஸ், அந்தப் புரொஃபைலின் பெயர், சேவ்ஸ் என்ற இடத்தில் இருக்கும். தனி ஐஎன்ஐ என்ற தேர்வும் இதே போலத்தான். மை கேம்ஸில் உள்ள ஐஎன்ஐ-யை விழுந்து விழுந்து திருத்தியும் கேமில் மாற்றமே இல்லை என்றால் காரணம் இது. எம்ஓ2-வின் டூல்ஸ் மெனுவில் உள்ள ஐஎன்ஐ எடிட்டரில் திருத்தினால் சரியான ஃபைல் திறக்கும்.

அடுத்தது ஒன்டிரைவ். அது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைத் தன் வசம் எடுத்துக்கொண்டு, இடம் மிச்சப்படுத்த ஃபைல்களை இணையத்தில் மட்டும் வைத்துவிடலாம். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் மேனேஜ் பேக்அப் போய் டாக்குமென்ட்ஸை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் மை கேம்ஸ் ஒன்டிரைவுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அதைக் கையால் எடுத்துப் பழைய டாக்குமென்ட்ஸில் வையுங்கள்.

மூன்றாவது, விண்டோஸ் செக்யூரிட்டியின் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ். அது இயங்கினால் தெரியாத மென்பொருள் டாக்குமென்ட்ஸில் எழுதுவதைத் தடுக்கும். அப்போது சேவ் காணாமல் போகவில்லை, எழுதப்படவே இல்லை. கேமின் ஈஎக்ஸ்ஈ-யையும் எஸ்கேஎஸ்ஈ லோடரையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

விண்டோஸில் என் யூசர் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறேன். பிரச்சினை வருமா?

எம்ஓ2-வுக்கு வராமல் இருக்கலாம். பழைய மாடிங் டூல்களுக்கு வரும். யூனிகோட் வருவதற்கு முந்தைய முறையில் எழுதப்பட்ட மென்பொருள்கள், விண்டோஸின் பழைய கோட் பேஜ் ஒன்றை நம்பி ஃபைல் பெயரைப் படிக்கின்றன. ரஷ்ய மொழிக்கு, கிரேக்க மொழிக்கு எல்லாம் அப்படி ஒன்று உண்டு. தமிழுக்கு விண்டோஸில் அது கிடையாது, தமிழ் அங்கே யூனிகோடில் மட்டும்தான். அதனால் அந்த டூல்களுக்கு உங்கள் பெயர் கேள்விக்குறிகளின் வரிசையாகத் தெரியும். கேள்விக்குறி விண்டோஸ் பாத்தில் வரவே கூடாத குறி. டூல் அங்கேயே நின்றுவிடும்.

எம்ஓ2-வை டி டிரைவில் வைத்தாலும் இது முழுவதும் தீராது. டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா, டெம்ப் மூன்றும் யூசர் ஃபோல்டருக்குள்தானே இருக்கின்றன. கன்ட்ரோல் பேனலில் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் பெயர் கொடுத்துப் புதிதாக ஒரு லோக்கல் அக்கவுன்ட் உருவாக்கி, கேமுக்கு அதைப் பயன்படுத்துவதுதான் தொல்லையில்லாத வழி. தமிழ்ப் பெயரைக் கைவிடச் சொல்லவில்லை. அந்த அக்கவுன்டும் இருக்கட்டும்.

"பாத் மிக நீளம்" என்று பிழை வருகிறது.

விண்டோஸின் பழைய வரம்பு 260 எழுத்துகள். ஒரு முக அலங்கார மாடின் உள்ளே போய்ப் பாருங்கள்: மெஷஸ், ஆக்டர்ஸ், கேரக்டர், ஃபேஸ்ஜென்டேட்டா, ஃபேஸ்ஜியோம், அதற்குள் பிளக்இன் பெயரிலேயே இன்னொரு ஃபோல்டர், கடைசியில் எட்டு எழுத்துப் பெயரில் ஒரு நிஃப் (மெஷ்) ஃபைல். இதற்கு முன்னால் மாடின் நீண்ட பெயர், அதற்கும் முன்னால் உங்கள் டிரைவ் பாத். 260 வேகமாக நிறைந்துவிடும். இன்ஸ்டால் செய்யும்போது மாடின் பெயரைச் சுருக்குங்கள். விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து வரம்பைத் தளர்த்த வழி உண்டு, ஆனால் டூலும் அதை ஏற்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். பல டூல்கள் அப்படி எழுதப்படவில்லை.

ஜிஓஜி அல்லது கேம் பாஸ் பதிப்பு வைத்திருந்தால்?

ஜிஓஜி (ஸ்டீம் போன்ற இன்னொரு கேம் கடை) என்றால் மை கேம்ஸில் ஃபோல்டர் பெயரின் கடைசியில் ஜிஓஜி என்றும், மைக்ரோசாஃப்ட்டின் கேம் பாஸ் பதிப்பு என்றால் எம்எஸ் என்றும் இருக்கும். ஸ்டீம் பதிப்பிலிருந்து மாறினால் சேவ்களை நீங்களே அங்கே நகலெடுக்க வேண்டும். கேம் பாஸ் பதிப்பில் எஸ்கேஎஸ்ஈ ஓடாது என்பதால், தீவிரமாக மாட் போடுவதற்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்டீம் டெக்கில் மை கேம்ஸ் எங்கே?

லினக்ஸில் ஓடும் இந்தக் கையடக்கக் கருவியில், ஸ்டீமின் காம்பட்டேட்டா ஃபோல்டருக்குள், ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனின் எண்ணான 489830 என்ற ஃபோல்டரில். அதற்குள் பிஎஃப்எக்ஸ், டிரைவ் சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர் என்று இறங்கினால் டாக்குமென்ட்ஸ் வரும். விண்டோஸ் மென்பொருளுக்குள் லினக்ஸ் பாத் கொடுக்க வேண்டி வந்தால் இசட் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸின் மொத்த ஃபைல் சிஸ்டமும் அதன் கீழே தெரியும்.

கணினியை ஃபார்மேட் செய்யப் போகிறேன். எதை எடுத்து வைப்பது?

போர்ட்டபிள் என்றால் எம்ஓ2 ஃபோல்டர் முழுவதும், கூடவே மை கேம்ஸ். டவுன்லோட்ஸை வேறு டிரைவில் வைத்திருந்தால் மெட்டா ஃபைல்களோடு அதுவும். குளோபல் என்றால் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் மாட்ஆர்கனைசர் ஃபோல்டரை மறக்காதீர்கள். இன்ஸ்டன்ஸின் ஐஎன்ஐ ஃபைல் அங்கேதான் இருக்கும். கேமை ஸ்டீம் திரும்பத் தந்துவிடும். எஸ்கேஎஸ்ஈ-யின் லோடரையும் டிஎல்எல்லையும் மட்டும் கேம் ஃபோல்டரில் மறுபடி வைக்க வேண்டியிருக்கும், அதுவும் அப்போதைய கேம் பதிப்புக்குப் பொருந்துவதாகப் பார்த்து.